வெண்சுனைக் கோயிலின் தலைமைக் குரு

ஜூன் 2, ஞாயிறு

இன்று எனக்குப் பதவி உயர்வு. வேலையில் அல்ல. அங்கே நூலின் முறுக்கை அளந்து சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதே நாற்காலிதான். பிரிட்டோ வீட்டு மாடியில், பஜ்ஜி தீர்ந்து டீ வருவதற்கு முன்னால், நான் வெண்சுனைக் கோயிலின் தலைமைக் குரு ஆனேன்.

ஞாயிறு மதியம் ஆனால் எங்கே கிளம்பிவிடுகிறாய் என்று கீழ்வீட்டு சரோஜா அக்கா போன வாரம் கேட்டாள். விளக்கிப் பார்த்தேன். நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். பிரிட்டோ ஓர் உலகத்தைச் சொல்வார். அதிலுள்ள மலை, கோட்டை, பூதம், ராஜா எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற மூவரும் அந்த உலகத்தில் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். அது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயித்தால் என்ன தருவார்கள் என்றாள் அக்கா. ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன். அப்புறம் எதற்கு என்றாள். எட்டு வருஷமாக ஆடுகிறேன், இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

என் ஆள் பெயர் ஆழினி. ஊற்றுத்தாய் என்ற தெய்வத்தின் குரு. கையில் இரும்புத் தண்டம். காயம்பட்டவரைத் தொட்டால் ஆறும், பூதத்தைத் தொட்டால் விழும். இதுவரை அவ்வளவுதான் உத்தியோகம். ஷமீமாவின் ஆள் கோடரி தூக்கும் ராட்சசி. நிஜத்தில் ஷமீமா பிசியோதெரபிஸ்ட். ஆட்டோக்காரரிடம்கூடக் குரல் உயர்த்தமாட்டாள். மூன்றாவது ஆள் கீரி. திருடன். எங்கள் கோயில் உண்டியலையே இரண்டு முறை திறந்தவன். அவனை ஆடுவது தயாளன்.

தயாளன் என் முன்னாள் கணவர். பிரிந்தபோது வீடு, வண்டி, கிரைண்டர் எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இருவரும் வருகிறோம். சேர்ந்திருந்தவரை வா, போ என்று பேசியவர்கள் இப்போது 'நீங்க' என்கிறோம். மரியாதையைக் கோர்ட்டில் வாங்க வேண்டியிருந்தது.

பழைய குரு காலமாகி, கோயில் பெரியவர்கள் கூடி, ஆழினியின் தலையில் சுனைநீரை ஊற்றினார்கள். எல்லோரும் கை தட்டினோம். தயாளன் கை தட்டிவிட்டு, "வாழ்த்துக்களுங்க அம்மணி. உண்டியல் சாவி இனி உங்ககிட்டதானுங்ளா?" என்றார்.

அடுத்த வாரம் பாதாளக் கோட்டைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். தலைமைக் குருவின் அடி எப்படி இருக்கும் என்று பூதங்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

பூதமே வரவில்லை. மனுக்கள்தான் வந்தன.

பாதாளக் கோட்டைக்குக் கிளம்புகிறோம் என்றேன். கோயில் வாசலில் காலையிலிருந்து ஆட்கள் காத்திருக்கிறார்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்றார் பிரிட்டோ. மழை வேண்டும் என்று ஓர் ஊர். ஊர்வலத்தில் குடை பிடிப்பது யார் என்று இரண்டு இளைய குருமார்களுக்குள் அடிதடி. போருக்குப் போகிறேன், ஆசி வேண்டும் என்று ராஜாவின் தூதர். சமையற்கூடத்தில் பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று மாணவர்கள். ஷமீமாவின் ராட்சசி கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு நிஜமாகவே கொட்டாவி விட்டாள்.

குடையை இரண்டாக வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று கீரி யோசனை சொன்னான். நான் குடையைத் தண்ணிப் பருப்பு மாணவர்களில் ஒருவனிடம் கொடுத்தேன். இப்போது இரண்டு குருமார்களும் ஒற்றுமையாகிவிட்டார்கள், எனக்கு எதிராக. ராஜாவுக்கு ஆசி தரவில்லை; யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் அலுவலகத்தில் சொல்வதும் இதேதான்.

இதற்கா பதவி கொடுத்தீர்கள் என்று பிரிட்டோவிடம் கேட்டேன். அவர் கணபதி பகுதியில் பிரஸ் வைத்திருக்கிறார், கல்யாணப் பத்திரிகை அச்சடித்து அச்சடித்துப் பொறுமை வந்த மனிதர். "சின்ன குருன்னா பூதத்தை அடிச்சாப் போதுங்க. பெரிய குருன்னா வாசல்ல நிக்கறவங்களுக்குப் பதில் சொல்லோணும்" என்றார்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. தலைமைக் குருவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இறந்தவரை எழுப்பும் வரம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, அந்த உயிர் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். யார்தான் வரமாட்டேன் என்பார்கள்.

ஜூன் 12, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. அண்டா, பக்கெட், குக்கர் வரை பிடித்து வைத்தேன். கோபியிலிருந்து அம்மா ஃபோன். ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பு எப்படிப் போகிறது என்றாள். முதுகு நன்றாக வளைகிறது என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

தயாளன் தாமதமாக வந்தார். வானநீலச் சட்டை, புதிது. மீசையை எடுத்துவிட்டிருக்கிறார். எடுக்கச் சொல்லி நான் எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன். எனக்கென்ன, குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான். கையில் ஒரு பள்ளிக்கூடப் பை, இளஞ்சிவப்பு, பட்டாம்பூச்சி போட்டது. தங்கச்சி பொண்ணுக்கு என்றார். தங்கச்சிக்கு இரண்டும் பையன்கள். கடைக்காரன் ஏமாற்றியிருப்பான். நடுவில் இரண்டு முறை ஃபோன் வந்து மாடிப்படிக்குப் போனார், சிரித்த முகத்தோடு திரும்பினார். சோலார் பம்ப் வியாபாரம் நன்றாக நடக்கிறது போல. நல்லதுதான்.

இன்றைய மனு கொஞ்சம் கனமானது. வறண்ட ஊர் ஒன்றிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டியில் செம்பி என்ற பெண்ணின் உடல். கிணறு தோண்டுகிறவள், தோண்டும்போதே மண் சரிந்து மூடிவிட்டது. கூடப் புருஷனும் மகளும். எழுப்பித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அதே நேரம் ராஜாவும் தன் கிழட்டு மந்திரியை எழுப்பித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். வரம் ஒன்றுதான்.

சுனைக்குக் கீழே இருக்கும் குளிர் அறையில் வைத்தால் ஆடிப் பௌர்ணமி வரை உடல் கெடாது, அதற்கு மேல் தெய்வத்தாலும் முடியாது என்றார் பிரிட்டோ. செம்பியை அங்கே வைக்கச் சொன்னேன். மந்திரியை ராஜாவே குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்றேன். தயாளன் சிரித்தார். மீசை இல்லாமல் சிரித்தால் கன்னத்தில் குழி தெரிகிறது. கல்லூரியில் பார்த்தது.

ஜூன் 23, ஞாயிறு

கீரி செத்துவிட்டான்.

ஒருவழியாகப் பாதாளக் கோட்டைக்குப் போனோம். திரும்பி ஓடிவரும்போது கல்கதவு இறங்கத் தொடங்கியது. எட்டு வருஷத்தில் எந்த இடத்திலிருந்து தப்பித்தாலும் முதலில் ஓடுகிறவன் கீரி. இன்று, நான் கதவைத் தாங்கிப் பிடிக்கிறேன், நீங்கள் போங்கள் என்றார் தயாளன். ஷமீமாவும் நானும் வெளியே வந்தோம். கதவு இறங்கியது. பிரிட்டோ தலையைக் குனிந்துகொண்டு, அவ்வளவுதான் என்றார்.

பகடையை உருட்டச் சொல்லவே இல்லை என்று வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போதுதான் உறைத்தது. மறந்திருப்பார்.

தயாளன் பதறவில்லை, போண்டாவைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. கவலைப்படாதீங்க, வரம் கையில இருக்குது, எழுப்பிடறேன் என்றேன். என்னைப் பார்த்தார். எதுவோ சொல்ல வாயெடுத்து, போண்டா நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

ஆய்வகத்தில் நாள் முழுவதும் நூலை இழுத்து அறுத்துப் பார்க்கும் வேலை. மதியம் ஷமீமாவை ஃபோனில் கூப்பிட்டேன். கீரியை எழுப்பப் போகிறேன் என்றேன். அப்படியென்றால் செம்பி என்ன ஆவாள் என்றாள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றேன். அவளுக்கு அடுத்த ஆண்டு கிடையாதே, பௌர்ணமிதானே கெடு என்றாள். செம்பி நமக்கு ஒரு வாரப் பழக்கம், கீரி எட்டு வருஷம் என்றேன்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?"

செத்தவனிடம் என்ன கேட்பது?

ஜூன் 30, ஞாயிறு

எழுதவேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போல இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள் என்று பிரிட்டோ ஆரம்பித்தார். இந்த ஆண்டின் வரம் கீரிக்கு என்று அறிவித்தேன். கிழட்டு உதவிக் குரு ஒருவர் எழுந்தார், அதுவும் பிரிட்டோதான், குரலை மட்டும் நடுங்கவைத்துக்கொள்வார். தலைமைக் குருவுக்கு வேண்டியவர் என்றால் வரிசை கிடையாதா என்று கேட்டார். கீரி எங்களைக் காப்பாற்றச் செத்தவன் என்று நீளமாகப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். செம்பியின் மகள் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார் பிரிட்டோ. நான் அந்தத் தூண் பக்கம் பார்க்கவில்லை. மேசையில் தூண் எங்கே இருக்கிறது, பார்க்காமல் இருப்பதற்கு! ஆனாலும் பார்க்கவில்லை.

பகடையை உருட்டினேன். பத்தொன்பது. இதைவிட நல்ல எண் ஒன்றுதான் இருக்கிறது. சுனை பொங்கியது, விளக்குகள் எரிந்தன, வழி திறந்தது. பிரிட்டோ தயாளன் பக்கம் திரும்பினார். கீரி, உன்னைக் கூப்பிடுகிறார்கள், வருகிறாயா என்றார்.

தயாளன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரலைங்க."

நான் சிரித்தேன். உண்டியல் சாவி கொடுத்தால்தான் வருவான் போல என்றேன்.

"நெசமாத்தான். வரல கோதை."

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கோர்ட்டுக்குப் பிறகு முதல் முறை.

அதன்பிறகு நான் பேசியது எதுவும் தலைமைக் குருவுக்கு அழகில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். பத்தொன்பது விழுந்திருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மனமில்லாத உயிரை இழுக்க முடியாது என்று அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்றார் பிரிட்டோ, மெதுவாக. வரம் செலவாகவில்லை, உங்களிடமே இருக்கிறது என்றும் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தயாளன் படியில் பின்னாலேயே வந்தார். ஆவணியில் கல்யாணம் என்றார். தென்காசி. பெயர் சண்முகவடிவு. முதல் கணவர் விபத்தில் போய்விட்டார். ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. தயாளன் அங்கேயே போய்விடப் போகிறார். மூன்று மாதமாக என்னிடம் சொல்ல நினைத்து முடியாமல் பிரிட்டோவிடம் சொல்லியிருக்கிறார். கீரி செத்துவிட்டால் தானும் வராமல் நின்றுவிடலாம், நானாகப் புரிந்துகொள்வேன் என்று ஏற்பாடாம்.

"ஒருத்தனைக் கொன்னுபோட்டுத்தான் எங்கிட்டப் பேசோணுமா?" என்று கேட்டேன்.

"நேராப் பேசத் தெரிஞ்சிருந்தா நாம பிரிஞ்சே இருக்கமாட்டமோ என்னமோ" என்றார்.

வாழ்த்துக்கள் என்று சொன்னேன். தெளிவாகவே சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டை மட்டும் அங்கேயே மறந்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

அம்மா ஃபோன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். யோகாவில் கழுத்து பிடித்துக்கொண்டது என்றேன். அப்படியென்றால் அந்த வகுப்பை விட்டுவிடு என்றாள். விட்டாகிவிட்டது என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

போகவில்லை. திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். மிக்ஸியின் அடிப்பாகத்தைக்கூடத் திருப்பித் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாலையில் ஷமீமா ஹெல்மெட்டோடு வந்தாள். அவளுக்கும் முன்பே தெரியாதாம், பிரிட்டோ மேல் கோபமாக இருக்கிறாள். அவளுடைய கோபம் என்பது அவர் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தது. கொஞ்ச நேரம் என் சுத்தமான மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"செம்பி இன்னும் கீழயேதான் இருக்குதுக்கா. பௌர்ணமி வந்துரும்" என்றாள்.

இல்லாத ஒருத்திக்காகவா இத்தனை தூரம் வந்தாய் என்றேன்.

"அவ இல்லாதவதான். ஆனா வாசல்ல அவ புள்ள நிக்குதே. நீங்கதானே பெரிய குரு? நான் போய் என்ன சொல்றது? என்ற கையில கோடரிதான இருக்குது."

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். கீரிக்கு அடக்கம் நடக்கவில்லை. அதையும் தலைமைக் குருதான் செய்ய வேண்டுமாம், வேறு யாருக்கும் உரிமையில்லை என்று பிரிட்டோ சொன்னாராம்.

இந்தப் பதவியைக் கேட்டது யார்?

ஜூலை 9, செவ்வாய்

மதிய உணவு இடைவேளையில் தயாளனுக்கு ஃபோன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கீரிக்கு அடக்கம், வந்துவிடுங்கள் என்றேன். செத்தவன் வரலாமா என்று கேட்டார். செத்தவன் வராமல் அடக்கம் எப்படி நடக்கும் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

வந்தார். பழைய கோடுபோட்ட சட்டை. எனக்குத் தெரிந்த சட்டை என்பதால் அதைப் போட்டு வந்தாரா, மற்றது துவைக்கப் போயிருக்கிறதா தெரியவில்லை. பிரிட்டோ நெற்றியைச் சொறிந்துகொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த முறை பகடை உருட்டாமல் யாரையாவது கொன்றால் ராட்சசி கோடரியோடு வருவாள் என்றேன். ஷமீமா தலையாட்டினாள்.

கீரியைச் சுனைக்கரையில் கிடத்தியிருக்கிறார்கள். தலைமைக் குரு இறந்தவனைப் பற்றிப் பேசிவிட்டு, மூன்று முறை விடை கொடுக்க வேண்டும் என்று பிரிட்டோ சொன்னார்.

நான் எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. இவன் எங்கள் உண்டியலை இரண்டு முறை திறந்தான், இரண்டு முறையும் ஏமாந்தான், ஏனென்றால் அதில் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன். தயாளன் சிரித்துவிட்டார். பிணம் சிரிக்கக் கூடாது என்றாள் ஷமீமா. பிறகு சொன்னேன்: எங்கே மாட்டினாலும் சிரிக்கவைத்தே வெளியே கொண்டுவந்தான். பயம் வந்தால் சொல்லமாட்டான், ஓடிவிடுவான். அவன் ஓடுவதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டிய இடம் இது என்று எங்களுக்கே தெரியும். கூட வருகிற வரைக்கும் நல்ல துணை. அவன் போகும் ஊரில் அவனுக்குத் திறந்த வீடு கிடைக்கட்டும், பூட்டை உடைக்கிற வேலை இல்லாமல்.

போய் வா என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. விளையாட்டு என்று எனக்குத் தெரியும். பிரிட்டோவின் பிரஸ் கேலண்டர், காலி போண்டாத் தட்டு, எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஷமீமா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். குடித்துவிட்டு, தயாளனைப் பார்த்துச் சொன்னேன்.

"போயிட்டு வா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டார். "நல்லபடியா அனுப்பி வெச்சீங்க" என்றார், எல்லாம் முடிந்தபிறகு, வண்டிக்குப் பக்கத்தில். கல்யாணத்துக்கு வருவேனா என்று கேட்டார். வரமாட்டேன் என்றேன். கோபமில்லை, தென்காசி தூரம் என்றேன். அவரும் அதை நம்பியதுபோல் இருந்தார். பாப்பா பெயர் என்ன என்று கேட்டேன். நித்திலா என்றார். சொல்லும்போது முகம் மாறியது; அதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. பூட்டைத் திறக்க மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 17, புதன்

அம்மாவிடம் யோகா வகுப்பு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டேன். தயாளன் கல்யாணத்தையும் சொன்னேன். அவரைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், பிரிட்டோ யார் என்று தெரியாமலே அவரையும் திட்டினாள். கடைசியில், குரு என்றால் காவி கட்ட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சுடிதார் போதும் என்றேன். பெருமூச்சு விட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

மூன்று பேர்தான். நாலாவது நாற்காலியைப் பிரிட்டோ அகற்றவில்லை, நாங்களும் அகற்றச் சொல்லவில்லை. ஷமீமா அதன்மேல் தன் பையை வைத்தாள்.

பௌர்ணமி. ராஜாவின் தூதர் மறுபடியும் வந்து மந்திரியைக் கேட்டார், மிரட்டினார். மந்திரி முழு ஆயுசும் வாழ்ந்தவர், படுக்கையில் நிம்மதியாகப் போனவர், கூப்பிட்டாலும் வரமாட்டார், நான் இப்போதுதான் அந்தப் பாடம் படித்தேன் என்றேன். ராட்சசி லேசாகக் கோடரியை நகர்த்தினாள். தூதர் போய்விட்டார்.

செம்பியைக் குளிர் அறையிலிருந்து மேலே கொண்டுவரச் சொன்னேன். இந்த முறை தூண் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண்ணை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். உன் அம்மா வருவாளா தெரியாது, கேட்டுப் பார்ப்போம், வரமாட்டேன் என்றால் அவளைத் திட்டக் கூடாது என்று சொன்னேன். பிரிட்டோ அந்தப் பெண்ணாகத் தலையாட்டினார்.

உருட்டினேன். பதினொன்று. பொங்கவில்லை, எரியவில்லை, சுனை கொஞ்சமாகச் சலசலத்தது, அவ்வளவுதான். போதும் என்றார் பிரிட்டோ. வழி திறந்திருக்கிறது, கேளுங்கள் என்றார்.

வருகிறாயா என்று கேட்டேன்.

பிரிட்டோ டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு செம்பி மூச்சை இழுத்தாள் என்றார். இருமினாள், வாயிலிருந்து மண் வந்தது. மகள் கத்திக்கொண்டு மேலே விழுந்தாள். செம்பி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மேலே நிற்கும் என்னைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் வார்த்தையைப் பிரிட்டோ சொன்னார்.

"தண்ணி வந்துச்சுங்களா?"

அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்ததா என்று எனக்குத் தெரியாது. பிரிட்டோவைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார்.

"நான் அத யோசிக்கவே இல்லீங்க. ஊற்றுத்தாயோட பெரிய குரு நீங்க. நீங்க சொல்றதுதான்."

எட்டு வருஷத்தில் அவர் தன் உலகத்தில் ஒரு கல்லைக்கூட எங்களிடம் கொடுத்தவரில்லை. நான் பகடையைத் தேடினேன். இதற்கு உருட்டல் இல்லை என்றார்.

குனிந்து அவள் கையைப் பிடித்தேன். பிடித்ததாகச் சொன்னேன்.

"வந்துச்சு. ஊரே குடிக்குது. எந்திரி."

ஷமீமா மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள். எனக்கும் இரண்டு நாளாக ஜலதோஷம்தான்.